தகப்பனைவிட மூத்த மகனா? வேத முரண்கள் பற்றி வாசகர் கேள்விகள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றி வருகின்றன. வேதத்தில் ஒன்றுக்கொன்று பொருந்தாத இடங்கள் உண்டா, இருந்தால் அதைப் பிழையற்றது என்று எப்படிச் சொல்வது? தமிழக–கேரள எல்லையான களியக்காவிளைக்கு இந்தப் பக்கமிருந்தும் அந்தப் பக்கமிருந்தும் கேட்டிருக்கிறீர்கள். அவற்றுக்கே இந்தப் பக்கங்களை ஒதுக்கியிருக்கிறோம். வசன எண்களும் பெயர்களும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பின்படி.

கேள்வி (ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை, குழித்துறை): யூதாவில் அகசியா ராஜாவானபோது அவனுக்கு 22 வயது என்று 2 இராஜாக்கள் 8:26 சொல்கிறது. 2 நாளாகமம் 22:2 அதையே 42 என்கிறது. ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் இரண்டையும் விரல் வைத்துக் காட்டி, "எது டீச்சர் சரி?" என்று கேட்டான். அடுத்த வாரம் சொல்கிறேன் என்று சமாளித்துவிட்டேன். என்ன சொல்லட்டும்?

பதில்: 22தான் சரி என்று சொல்லுங்கள். ஏன் சரி என்பதைப் பிள்ளைகளையே கண்டுபிடிக்க வையுங்கள். ஒரு வகுப்பு நேரம் போதும்.

2 நாளாகமம் 21:20-ஐ வாசிக்கச் சொல்லுங்கள். அகசியாவின் தகப்பன் யோராம் 32 வயதில் ராஜாவாகி 8 வருடம் ஆண்டான். ஆகச் சாகும்போது அவனுக்கு வயது 40. உடனே பட்டத்துக்கு வந்த மகனுக்கு 42 என்றால், மகன் தகப்பனைவிட இரண்டு வயது மூத்தவனாகிறான். அடுத்து 22:1. அங்கே அகசியா "இளைய குமாரன்". அவனுக்கு மூத்தவர்களைப் படையெடுத்து வந்தவர்கள் கொன்றுவிட்டார்கள். கடைக்குட்டிக்கே 42 என்றால் அண்ணன்மாருக்கு என்ன வயது? 42 நிற்காது என்பதைக் கரும்பலகையில் பிள்ளைகளே காண்பார்கள். சூட்டிகையான பிள்ளை ஒன்று, "22 என்றாலும் தகப்பனுக்கு 18 வயதில் கடைசி மகனா?" என்று கேட்கலாம். யோராமுக்குப் பல மனைவிகள் இருந்ததை 21:17 சொல்கிறது. அந்த அரண்மனையில் அது நடக்கக்கூடியதே.

பிறகு எழுத்துக்கு வாருங்கள். எபிரெயப் பிரதிகள் நாளாகமத்தில் 42 என்றே தருகின்றன. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பின் பிரதிகளில் 20 என்றும் 22 என்றும் இருக்கிறது. கேரளத்துச் சுறியானிச் சபைகள் தலைமுறை தலைமுறையாகப் போற்றி வந்த சீரியக்க மொழி வேதத்தில் 22. அதாவது பெயர்த்து எழுதிய கை எங்கோ வழுக்கியிருக்கிறது.

ஏட்டுச்சுவடி தெரிந்த தமிழருக்கு இது புதிதல்ல. "எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான்" என்ற பழமொழியே நம்மிடம் உண்டு. ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோல் இருக்கும். உ.வே. சாமிநாதையர் 1887-ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்கப் பல சுவடிகளை ஒப்பிட்டுப் பாடபேதம் பார்த்தார் என்றால் காரணம் இதுதான். எபிரெயத்திலும் "த" ஒலிக்கும் "ர" ஒலிக்கும் உரிய எழுத்துகள் ஒரு சிறு மூலை வளைவில்தான் வேறுபடும். ஆதியாகமம் 10:4-ல் எபிரெயம் தொதானீம் என்று தரும் அதே கூட்டம், 1 நாளாகமம் 1:7-ல் ரொதானீம் ஆவது அப்படித்தான்.

வகுப்பில் தவிர்க்க வேண்டிய விளக்கம் ஒன்று உண்டு. "42 என்பது அகசியாவின் வயதல்ல, அவன் தாயின் பாட்டனார் வழியான ஒம்ரி வம்சம் ஏற்பட்டு ஆன வருடங்கள்" என்பது பழைய யூத விளக்கம். இன்றும் பிரசங்கங்களில் கேட்கலாம். அது ஏன் செல்லாது? எபிரெயத்தில் வயதைச் சொல்ல "இத்தனை வருடங்களின் மகன்" என்று ஒரு வாய்பாடு இருக்கிறது. இந்த வசனத்தில் இருப்பதும் அதுவே. யோராமின் 32-க்கும் பேரன் யோவாசின் 7-க்கும் வருவதும் அதுவே. ஒரே வாய்பாடு இருபது இடத்தில் வயதையும் இந்த ஓரிடத்தில் மட்டும் வம்சக் கணக்கையும் குறிக்குமா? பையன் இன்று தலையாட்டுவான். கல்லூரிக்குப் போனதும் வேறொருவர் இதை உடைத்துக் காட்டும்போது, நீங்கள் சொல்லித்தந்த மற்ற எல்லாவற்றின்மேலும் அவனுக்குச் சந்தேகம் வரும். நமக்குப் பெரிய கவலை அதுதான்.

அடுத்த வாரத்துக்கு வீட்டுப்பாடமாக இதே இனத்தில் இரண்டு தரலாம். யோயாக்கீன் ராஜாவானபோது 18 வயதா (2 இராஜாக்கள் 24:8), 8 வயதா (2 நாளாகமம் 36:9)? சாலொமோனின் குதிரை லாயங்கள் 40,000-மா (1 இராஜாக்கள் 4:26), 4,000-மா (2 நாளாகமம் 9:25)?

கேள்வி (வாசகி, பாறசாலை): எங்கள் வீட்டு ஜெபத்தில் மாமியார் மலையாள வேதம் வாசிப்பார்கள், நான் தமிழ். 1 யோவான் 5:7 வந்தபோது நான் "பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் மூவர், பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி" என்று வாசித்தேன். மாமியாரின் சத்தியவேதபுஸ்தகத்தில் அது இல்லை. ஆவி, ஜலம், இரத்தம் மட்டும்தான் இருக்கிறது. மலையாளத்தில் யார் வெட்டினார்கள்?

பதில்: யாரும் வெட்டவில்லை, அம்மா. உங்கள் தமிழில்தான் ஒரு வரி கூடுதலாக இருக்கிறது.

அந்த வரி இலத்தீன் பிரதிகளின் வழியாக வந்தது. பழைய கிரேக்கப் பிரதிகளில் இல்லை. கிரேக்கப் புதிய ஏற்பாட்டை 1516-ல் அச்சிட்ட எராஸ்மஸ், அந்தப் பதிப்பிலும் 1519 பதிப்பிலும் அதைச் சேர்க்கவில்லை. "திரித்துவ வசனத்தை நீக்கிவிட்டார்" என்று எதிர்ப்பு எழுந்தது. பிறகு அந்த வரி உள்ள ஒரு கிரேக்கப் பிரதி காட்டப்பட்டது. அதுவே 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்டது. 1522-ல் வந்த மூன்றாம் பதிப்பில் எராஸ்மஸ் சேர்த்துக்கொண்டார். அந்த வழியில் வந்த அச்சுப் பாடத்தையே பழைய தமிழ் மொழிபெயர்ப்பு பின்பற்றியது. 1910-ல் வெளியான மலையாள சத்தியவேதபுஸ்தகம் இந்த இடத்தில் பழைய பிரதிகளோடு நிற்கிறது. ஓரக்குறிப்பாக ஒருவர் எழுதி வைத்த விளக்கத்தை, அடுத்துப் பெயர்த்தவர் மூலத்தில் விட்டுப்போனது என்று நினைத்து உள்ளே சேர்ப்பது சுவடி உலகில் சாதாரணம். திரித்துவ உபதேசம் இந்த ஒரு வரியைத் தாங்கி நிற்கவில்லை. நாலாம் நூற்றாண்டில் அதற்காக வாதாடியவர்கள் வேறு வசனங்களை வைத்தே வாதாடினார்கள்.

இதே போல் அறிந்து வைத்துக்கொள்ள வேண்டிய பெரிய இடங்கள் இரண்டு. மாற்கு 16:9–20, நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய முழுப் பிரதிகளான சினாய், வத்திக்கான் சுவடிகளில் இல்லை. அவற்றில் 16:8-உடன் மாற்கு முடிகிறது. சர்ப்பங்களை எடுப்பார்கள், சாவுக்கேதுவான எதைக் குடித்தாலும் சேதப்படுத்தாது என்ற வார்த்தைகள் இந்தப் பகுதியில்தான் வருகின்றன. பாம்பு கடித்தவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் ஜெபத்தில் உட்கார வைப்பதற்கு இந்த வசனத்தைக் காட்டுகிறவர்களிடம் இதைச் சொல்லத் தயங்காதீர்கள். இன்னொன்று, விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் சம்பவம், யோவான் 7:53 முதல் 8:11 வரை. அதுவும் பழைய பிரதிகளில் இல்லை. சில பிரதிகளில் அது லூக்கா 21-க்குப் பின் வந்து நிற்கிறது.

வீட்டு ஜெபத்தில் மாமியாரும் நீங்களும் இரண்டு மொழியில் வாசிப்பது நல்ல வழக்கம். ஒரே மொழிபெயர்ப்பை மட்டும் வாசிக்கிற குடும்பத்துக்கு இந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

கேள்வி (வாசகர், தக்கலை): கத்தோலிக்க நண்பர் "2 குறிப்பேடு" என்கிறார். அப்படி ஒரு புத்தகம் என் வேதத்தில் இல்லையே?

பதில்: இருக்கிறது. 1995-ல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் நாளாகமத்துக்குக் குறிப்பேடு என்று பெயர். இராஜாக்கள் அங்கே அரசர், பிரசங்கி அங்கே சபை உரையாளர். மலையாளத்தில் நாளாகமம் தினவிருத்தாந்தம். பழைய கத்தோலிக்க நூல்களில் சாமுவேலின் இரண்டு புத்தகங்களையும் சேர்த்து அரசர் நூல்கள் நான்கு என்று எண்ணுவார்கள். ஆகவே அங்கே 4 அரசர் என்றால் நமக்கு 2 இராஜாக்கள். சங்கீதங்களிலும் பெரும்பகுதிக்கு எண் ஒன்று குறைந்து வரும். வாதத்துக்கு முன் இதைச் சரிபார்த்துவிட்டால் பாதிச் சத்தம் குறையும்.

கேள்வி (வாலிபர் கூட்டச் செயலாளர், களியக்காவிளை): வேதத்தில் முரண்கள் என்று ஒரு நீண்ட பட்டியல் போனில் சுற்றுகிறது. பகுத்தறிவுக் கருத்துள்ள நண்பர்கள், "ஒரு நாள் உட்கார்ந்து பேசலாமா?" என்கிறார்கள். எங்களில் சிலர் வேண்டாம் என்கிறார்கள். நடத்துவதானால் எப்படி?

பதில்: நடத்துங்கள். ஆனால் பட்டியலை முழுதாக மேசைமேல் வைக்காதீர்கள். நூறு வசனத்தை ஒரு மாலையில் எடுத்தால் யாரும் எதையும் வாசிக்க மாட்டார்கள். எண்களை வீசுவார்கள், அவ்வளவுதான். ஒன்றரை மணி நேரத்துக்கு மூன்று இடங்கள் போதும். ஒன்று நண்பர்கள் தெரிந்தெடுக்கட்டும், ஒன்று நீங்கள், மூன்றாவது இருவரும் ஒத்துக்கொண்டது. ஒரு வாரம் முன்பே சொல்லிவிடுங்கள். வந்ததும் வசனத்தை அல்ல, அதிகாரத்தை முழுதாக உரக்க வாசியுங்கள். மூன்று இடத்துக்கும் அதற்கே முக்கால் மணி நேரம் போகும், போகட்டும்.

அடுத்து, எதை முரண் என்று சொல்வது என்று பேசி முடிவு செய்யுங்கள். "கல்யாணத்துக்கு மாமா வந்தார்" என்று ஒருவர் சொல்ல, "மாமாவும் அத்தையும் வந்தார்கள்" என்று இன்னொருவர் சொன்னால் அது முரண் ஆகாது. "மாமா மட்டும்தான் வந்தார்" என்றால்தான் மோதல். கதரேனர் நாட்டில் பிசாசு பிடித்தவர் ஒருவரா (மாற்கு 5:2), இருவரா (மத்தேயு 8:28) என்பது போன்ற பல இதில் கழிந்துவிடும். நண்பர்கள் இதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

அதேபோல் நீங்கள் ஒத்துக்கொள்ள வேண்டியதும் உண்டு. சீஷர்களை அனுப்பும்போது இயேசு தடியைப் பற்றிச் சொன்னதை எடுத்துக்கொள்வோம். மாற்கு 6:8: வழிக்கு ஒரு தடியை மாத்திரம் எடுத்துக்கொண்டு போகலாம். மத்தேயு 10:10: தடியையும் தேடிவைக்க வேண்டாம். லூக்கா 9:3: தடியையும் எடுத்துக்கொண்டு போக வேண்டாம். சபையில் வழக்கமாகச் சொல்லும் பதில், "மத்தேயுவில் இருக்கும் கிரேக்க வினை 'சம்பாதி, தேடிக்கொள்' என்ற பொருள் உடையது. புதிதாக வாங்காதே, கையில் இருப்பதைக் கொண்டுபோ என்பதே அர்த்தம்" என்பது. மத்தேயுவை மட்டும் மாற்குவோடு வைத்தால் இது நன்றாகவே பொருந்தும். "தேடிவைக்க வேண்டாம்" என்ற நம் தமிழும் அதைக் காட்டுகிறது. ஆனால் லூக்காவில் மாற்குவில் உள்ள அதே வினை இருக்கிறது, "எடுத்துச்செல்" என்பது. ஒருவர் எடு என்கிறார், மற்றவர் எடுக்காதே என்கிறார். அடுத்து, "ஒன்று ஊன்றுகோல், மற்றது அடிக்கிற கம்பு" என்று ஒரு பதில் வரும். மூன்று சுவிசேஷத்திலும் கிரேக்கச் சொல் ஒன்றே. ஆக, தடி விஷயத்தில் மூன்று சுவிசேஷங்களும் ஒத்துவரவில்லை. கையில் எதையும் நம்பாமல் போ என்ற கட்டளை மூன்றிலும் ஒத்திருக்கிறது. இரண்டையும் அப்படியே சொல்லுங்கள். உங்கள் வாய்க்குள்ளிருந்து இது வரும்போது நண்பர்கள் காது கொடுப்பார்கள்.

யூதாசின் மரணத்தை அவர்கள் கட்டாயம் எடுப்பார்கள். நான்றுகொண்டு செத்தான் (மத்தேயு 27:5). தலைகீழாக விழுந்து வயிறு வெடித்தது (அப்போஸ்தலர் 1:18). "கயிறு அறுந்து விழுந்தான்" என்று சேர்த்துச் சொல்வது ஊகம். நடந்திருக்கலாம், ஆனால் வசனத்தில் இல்லை. அதைச் சொன்னாலும் வேலை முடியவில்லை. காட்டிக்கொடுத்த பணத்தில் ஒரு நிலத்தை வாங்கியது ஆசாரியர்கள் என்கிறது மத்தேயு, யூதாஸ் என்கிறது அப்போஸ்தலர். இரத்தநிலம் என்ற பெயர் இரத்தக்கிரயத்தால் வந்தது என்கிறது ஒன்று, அவன் அங்கே அப்படிச் செத்ததால் என்கிறது மற்றது. பாதிக்கு மட்டும் பதில் வைத்துக்கொண்டு போனால் மாட்டிக்கொள்வீர்கள். அதே நேரம், தனித்தனியாக வந்த இந்த இரண்டு செய்திகளும் யூதாசின் கோரச் சாவு, காட்டிக்கொடுத்த பணம், எருசலேமில் ஒரு நிலம், அதன் பெயர் ஆகியவற்றில் ஒத்துப்போவதை நண்பர்களும் கவனிக்க வேண்டும்.

ஒன்றுக்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள். பதில் கிடைக்காத இடத்தில், "நீ விசுவாசிக்காததால் புரியவில்லை" என்று எதிராளியின் மனதைக் குற்றம் சொல்வது. கேள்வி வசனத்தைப் பற்றியது. பதிலும் வசனத்தைப் பற்றியே இருக்கட்டும்.

கேள்வி (ஓய்வுபெற்ற ஆதார எழுத்தர், அருமனை): யெகூ ஒரே நாளில் இஸ்ரவேல் ராஜாவையும் யூதா ராஜாவையும் கொன்றான். அன்றிலிருந்து இஸ்ரவேலின் தலைநகர் சமாரியா விழும்வரை இரண்டு பக்கத்து ஆட்சி வருடங்களையும் கூட்டினேன். இஸ்ரவேலில் 143 வருடம் 7 மாதம் வருகிறது, யூதாவில் 165. இருபத்தொன்று வருடத்துக்கு மேல் இடிக்கிறதே?

பதில்: ஐயா, கூட்டல் சரியாக இருக்கிறது. இதற்கு விடை உங்கள் தொழிலிலேயே பாதி இருக்கிறது.

விளவங்கோடு தாலுகாவின் பழைய ஆதாரங்களில் கொல்லம் ஆண்டு பார்த்திருப்பீர்கள். கொல்லம் 1098 சிங்ஙம் என்றால், நம் ஆவணி, 824 கூட்டி 1922. அதே 1098 கர்க்கடகம் என்றால் 825 கூட்டி 1923. சித்திரையில் ஆண்டு மாறுகிறவர் கணக்கும் சிங்ஙத்தில் மாறுகிறவர் கணக்கும் சில மாதங்களுக்கு ஒன்று தள்ளியே நிற்கும். இரண்டு ஆதாரமும் பொய்யில்லை. எபிரெயரிடமும் வசந்தத்தில் தொடங்கும் ஆண்டும் இலையுதிர்காலத்தில் தொடங்கும் ஆண்டும் இருந்தன. அதற்கு மேல், பட்டமேறிய வருடத்தின் மீதி மாதங்களை ஒரு முறையில் "முதல் வருடம்" என்று எண்ணுவார்கள். மற்ற முறையில் எண்ண மாட்டார்கள், அடுத்த புத்தாண்டிலிருந்துதான் முதல் வருடம். 2 இராஜாக்கள் 8:25 அகசியா பட்டமேறியது இஸ்ரவேல் ராஜா யோராமின் (அகசியாவின் தகப்பன் அல்ல, அதே பெயருள்ள வேறொருவன்) 12ஆம் வருடம் என்கிறது. ஒரே அதிகாரம் தள்ளி 9:29 அதையே 11ஆம் வருடம் என்கிறது. இரண்டு முறையும் பக்கத்துப் பக்கத்தில் அப்படியே நிற்கின்றன.

ஆனால் அது ஒவ்வொரு ஆட்சிக்கும் ஒன்றோ இரண்டோ வருடம்தான் தரும், இருபத்தொன்றைத் தராது. பெரிய இடைவெளி, தகப்பனும் மகனும் ஒரே நேரத்தில் ஆண்ட கூட்டாட்சியில் இருக்கிறது. உசியா குஷ்டரோகியாகித் தனித்த வீட்டில் இருந்தபோது மகன் யோதாம் ஜனங்களை நியாயம் விசாரித்தான் (2 இராஜாக்கள் 15:5). அந்த வருடங்கள் தகப்பன் கணக்கிலும் மகன் கணக்கிலும் இரண்டு முறை விழுகின்றன. இந்த மூன்று சாவிகளையும் வைத்து எட்வின் தீலே 1951-ல் வெளியிட்ட ஆய்வுதான் இன்றுவரை எல்லோரும் தொட்டுப் பேசுவது.

எல்லாம் தீர்ந்ததா? இல்லை. சமாரியா விழுந்தது எசேக்கியாவின் 6ஆம் வருடம் (18:10), அசீரிய ராஜா சனகெரிப் படையெடுத்து வந்தது 14ஆம் வருடம் (18:13). எட்டு வருட இடைவெளி. அசீரியப் பதிவுகளின்படி சமாரியா விழுந்தது கி.மு. 722 அல்லது 721, சனகெரிபின் படையெடுப்பு கி.மு. 701. இருபது வருடம். எசேக்கியா முதலில் தகப்பனோடு கூட்டாக ஆண்டான் என்பார்கள் சிலர். 14 என்பது 24-ன் எழுத்துப் பிழை என்பார்கள் சிலர். இரண்டுக்கும் நேரடிச் சான்று இல்லை.

கேள்வி (வாசகர், செங்கோட்டை): வெள்ளிக்கிழமை மாலை அடக்கம், ஞாயிறு காலை உயிர்ப்பு. இது எப்படி மூன்று நாள்?

பதில்: முதல் நாளையும் கடைசி நாளையும் சேர்த்து எண்ணும் வழக்கம். இன்று வெள்ளி, அடுத்த வெள்ளி "எட்டாம் நாள்" என்று நாம் சொல்வதும் அதுவே. எஸ்தர் 4:16-ல் மூன்று நாள் இரவும் பகலும் உபவாசம் என்று சொல்லிவிட்டு, 5:1-ல் மூன்றாம் நாளிலேயே ராஜாவிடம் போகிறாள். மத்தேயு 12:40-ன் "இரவும் பகலும் மூன்றுநாள்" அந்த வழக்கில் நிற்கிறது.

கேள்வி (வாசகர், கொல்லங்கோடு): ஈஸ்டர் அதிகாலை ஆராதனையில் நான்கு சுவிசேஷத்தையும் வாசித்தோம். கல்லறைக்குப் போனது யார் யார் என்பதே நான்கிலும் ஒத்துவரவில்லை. எது உண்மை?

பதில்: ஒரு தாளை அகலவாக்கில் வைத்து நான்கு பத்தி கோடு போடுங்கள். மத்தேயு 28, மாற்கு 16:1–8, லூக்கா 24, யோவான் 20–21. குறுக்கே ஆறு வரி: போன பெண்கள், நேரம், கண்டது யாரை, அவர்கள் சொன்னது, பெண்கள் செய்தது, இயேசு தரிசனமான ஊர். பென்சிலால் நிரப்புங்கள். ஒரு பத்தியில் இருப்பதை இன்னொன்றில் சேர்த்து எழுதாதீர்கள். எல்லோரும் தவறுவது இங்கேதான். நினைவில் நான்கும் கலந்தே இருப்பதால் கை தானாக எழுதிவிடும்.

முதல் மூன்று வரிகள் பெரிய தொந்தரவு தராது. மத்தேயுவில் இரண்டு மரியாள், மாற்குவில் சலோமேயும், லூக்காவில் யோவன்னாளும் வேறு சிலரும், யோவானில் மகதலேனா மரியாள் மட்டும், ஆனால் 20:2-ல் அவளே "அறியோம்" என்று பன்மையில் பேசுகிறாள், அதாவது கூட ஆள் இருந்திருக்கிறது. தூதன் ஒருவர், இருவர் என்பது மேலே சொன்ன மாமா அத்தை கணக்கு.

ஐந்தாம் வரியில் நிற்க வேண்டும். மத்தேயுவில் பெண்கள் சீஷருக்கு அறிவிக்க ஓடுகிறார்கள். லூக்காவில் பதினொருவருக்கும் அறிவிக்கிறார்கள். மாற்கு 16:8-ல் பயந்து ஒருவருக்கும் ஒன்றும் சொல்லாமல் போகிறார்கள். "வழியில் யாருக்கும் சொல்லவில்லை, பிறகு சொன்னார்கள்" என்று பொருத்தலாம். அது கூடாதது அல்ல, ஆனால் மாற்கு அதைச் சொல்லாமல் நிறுத்திவிட்டார் என்பதும் மெய்.

நான்காம் வரியும் ஆறாம் வரியும்தான் எங்களுக்கு மிகவும் பிடித்த இடம். மாற்கு 16:7-ல் வாலிபன், "உங்களுக்கு முன்னே கலிலேயாவுக்குப் போகிறார்" என்கிறான். லூக்கா 24:6-ல் அதே இடத்தில் அதே ஊர்ப்பெயர் வருகிறது, ஆனால் "அவர் கலிலேயாவிலிருந்த காலத்தில் உங்களுக்குச் சொன்னதை நினைவுகூருங்கள்" என்று. வரப்போகிற பயணம், நடந்து முடிந்த போதனையின் நினைவாக மாறியிருக்கிறது. ஏன்? லூக்காவுக்கு எருசலேம்தான் மையம். அவர் கதை தேவாலயத்தில் தொடங்கித் தேவாலயத்தில் முடிகிறது, அப்போஸ்தலர் நடபடிகள் அங்கிருந்தே பூமியின் கடைசிவரை புறப்படுகிறது. ஆகவே 24:49-ல் நகரத்தை விட்டுப் போகாதிருக்கச் சொல்கிறார். மத்தேயுவில் சீஷர் கலிலேயாவின் மலைக்கே போகிறார்கள். யோவானில் இரண்டு இடமும் உண்டு. நாற்பது நாள் தரிசனமானார் என்ற அப்போஸ்தலர் 1:3-ஐ வைத்து முதலில் எருசலேம், பின் கலிலேயா என்று வரிசைப்படுத்த இடமிருக்கிறது. ஆனால் வரிசைப்படுத்தி முடித்ததும், லூக்கா வேண்டுமென்றே கட்டிய அந்த அமைப்பு கண்ணிலிருந்து மறைந்துவிடும். நான்கையும் ஒன்றாக்கி வாசிக்க விரும்பியவர் இரண்டாம் நூற்றாண்டிலேயே இருந்தார், தாத்தியான். சீரியக்கச் சபைகள் அவர் கோர்த்த ஒற்றைச் சுவிசேஷத்தைச் சில நூற்றாண்டுகள் வாசித்துவிட்டு, தனித்தனி நான்குக்கே திரும்பின. அந்தத் தீர்மானம் சரியானது என்றே நாங்கள் நினைக்கிறோம்.

கேள்வி (வாசகர், நெய்யாற்றின்கரை): எங்கள் பாஸ்டர், வேதத்தில் ஒரு சிறு பிழை உண்டு என்று சொன்னாலும் அவன் விசுவாசி அல்ல என்கிறார். மனைவி சி.எஸ்.ஐ.; அவள் சபையில் இப்படிப் பேசுவதில்லை. யார் சொல்வது சரி?

பதில்: பிழையின்மையை மிக அழுத்தமாக அறிவித்த ஆவணம் 1978-ல் சிகாகோவில் சுவிசேஷகக் கல்விமான்கள் கூடி வெளியிட்ட அறிக்கை. அதில் 19 பிரிவுகள். உங்கள் பாஸ்டரோடு உட்கார்ந்து 10ஆம், 13ஆம் பிரிவுகளை வாசியுங்கள். பிழையின்மை முதன்முதல் எழுதப்பட்ட மூலத்துக்கே உரியது என்கிறது 10. அந்த மூலங்கள் இன்று யாரிடமும் இல்லை, பெயர்த்தெழுதிய பிரதிகளே உள்ளன. முழு எண்ணாகச் சொல்வது, கண்ணுக்குத் தெரிகிறபடி இயற்கையை வருணிப்பது, பொருள் வாரியாகச் சம்பவங்களை அடுக்குவது, இணையான பகுதிகளில் வெவ்வேறு விவரங்களைத் தெரிந்தெடுப்பது, மேற்கோளைச் சொல்லுக்குச் சொல் தராதிருப்பது ஆகியவற்றைப் பிழை என்று எண்ணக்கூடாது என்கிறது 13. அந்த அறிக்கையில் கையெழுத்திட்ட ஒருவர், 42 வயது என்பது எழுத்தரின் பிழை என்று தாராளமாகச் சொல்லலாம். பிரசங்கபீடத்தில் கேட்பது பல நேரம் அறிக்கையைவிடக் கடினமாக இருக்கிறது.

கத்தோலிக்க சபை 1965 நவம்பர் 18-ல் வெளியிட்ட இறைவெளிப்பாடு பற்றிய வத்திக்கான் சங்க ஏட்டில், நம் மீட்புக்காகக் கடவுள் பதிய விரும்பிய உண்மையை வேதம் தவறின்றிப் போதிக்கிறது என்று எழுதியது. "மீட்புக்காக" என்ற சொல் எவ்வளவு தூரம் எல்லை போடுகிறது என்பதில் அவர்களுக்குள்ளேயே வாதம் உண்டு. 1947-ல் உருவான தென்னிந்தியத் திருச்சபையின் (சி.எஸ்.ஐ.) அமைப்புச் சட்டம், இரட்சிப்புக்குத் தேவையான யாவும் வேதத்தில் அடங்கியிருக்கிறது, விசுவாசத்துக்கு மேலான முடிவான அளவுகோல் அதுவே என்கிறது. பிழையற்றது என்ற சொல்லை அந்த வாசகம் பயன்படுத்தவில்லை. ஆக உங்கள் மனைவியின் சபை எதையும் மறைக்கவில்லை. அந்தச் சபை ஒத்துக்கொண்ட வாசகம் அது.

ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சபைப் பிதா அகுஸ்தீன், வேதத்தை இலத்தீனில் பெயர்த்த எரோனிமுவுக்கு எழுதிய கடிதத்தில், வேதத்தில் மெய்க்கு மாறானதுபோல் ஏதாவது தென்பட்டால் மூன்றில் ஒன்று என்று எண்ணுவதாகச் சொல்கிறார்: பிரதி பிழையாயிருக்கும், மொழிபெயர்த்தவர் பொருளைப் பிடித்திருக்க மாட்டார், அல்லது எனக்கு விளங்கவில்லை. பிழையே இல்லை என்று நம்பிய மனிதர் எழுதியது இது. அவர் கேட்டவர் வாயை அடைக்கவில்லை. தேட மூன்று வழி காட்டினார். வேதவாக்கியங்கள் தேவ ஆவியினால் அருளப்பட்டவை என்கிற 2 தீமோத்தேயு 3:16, அவை உபதேசத்துக்கும் சீர்திருத்தலுக்கும் பிரயோஜனமானவை என்று தொடர்கிறது. ஒருவரை விசுவாசி அல்ல என்று தள்ளுவதற்கு அந்த வசனத்தில் இடம் இல்லை. உங்கள் வீட்டில் இந்த விஷயத்தால் பேச்சு முறிந்திருந்தால், தயவுசெய்து இன்றே சரிசெய்யுங்கள்.

கேள்வி (பத்தாம் வகுப்பு மாணவி, மார்த்தாண்டம்): லேவியராகமம் 11:6 முயல் அசைபோடும் என்கிறது. உயிரியல் புத்தகத்தில் அப்படி இல்லையே?

பதில்: உயிரியல் புத்தகம் சரி. மாடு, ஆடுபோல் நான்கு அறை வயிறு முயலுக்கு இல்லை. விழுங்கியதை வாய்க்குக் கொண்டுவந்து மெல்வதும் இல்லை. முயல் செய்வது வேறு. பெருங்குடலின் தொடக்கத்தில் உள்ள பையில் நொதித்த மென்மையான ஒருவகைப் புழுக்கையைப் பின்பக்கமிருந்தே வாயால் எடுத்து மறுபடி விழுங்கும். ஒரே இரையை இரண்டு முறை செரிக்கும். இதுவும் அசைபோடுவதும் ஒன்றே என்று சிலர் வாதிடுவார்கள். எபிரெயச் சொல் "மேலே கொண்டுவருதல்" என்ற பொருள் தருவதால் அது சரியாகப் பொருந்தாது. ஓய்வாக இருக்கும் முயலின் தாடை பக்கவாட்டில் அசைந்துகொண்டே இருக்கும். எதைத் தின்னலாம், எதைத் தின்னக்கூடாது என்று பார்த்தவுடன் இனம் காண எழுதிய சட்டத்தில் அந்த அசைவு ஓர் அடையாளம். விரிகுளம்பு இல்லை என்பது அடுத்த அடையாளம். பரீட்சையில் பாடப்புத்தகத்தில் உள்ளதையே எழுது, கண்ணே.